புத்தகத்தில் இல்லாத முடிவு

ஏனுங்க, நீங்கதானுங்களே அது? புத்தகத்தோட பின்னட்டையில கண்ணாடி இல்லாம இருக்கறீங்க. அதனாலதான் ஈரோட்டுல ஏறினதுல இருந்து பார்த்துப் பார்த்து யோசனை பண்ணிட்டே வந்தேன். சேலத்துல டீ வாங்கறப்போ சிரிச்சீங்க பாருங்க, அப்பத்தான் உறுதியாச்சு.

பயந்துக்காதீங்க. போட்டோ எடுக்கமாட்டேன், கையெழுத்தும் வேண்டாம். உங்க மேல எனக்கு ஒரு கோவம் இருக்குது. அதை நேர்ல பார்த்தா கேட்டுப்போடணும்னு இருந்தேன். பார்க்கவே மாட்டோம்ங்கற தைரியத்துல இருந்தேன்னு வெச்சுக்கோங்களேன். இப்ப எதிர் சீட்டுலயே வந்து உக்காந்துட்டீங்க.

என்ற பேரு கோகிலவாணிங்க. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனேன். ஈரோட்டுக்குப் பக்கத்துல சின்ன ஊரு. பெங்களூர்ல பொண்ணு வீட்டுக்குப் போயிட்டிருக்கேன், நித்திலான்னு பேரு. ஒரே பொண்ணு.

எங்க ஊரு லைப்ரரியில வாசகர் வட்டம்னு ஒண்ணு இருக்குதுங்க. மாசத்துக்கு ஒருக்கா கூடுவோம். ஒரு புத்தகம் எடுத்துட்டு எல்லாரும் படிச்சுட்டு வந்து பேசறது. போன பங்குனியில உங்க புத்தகம். அந்த அமிர்தவல்லியம்மா கதை. நீங்க எழுதினது, உங்ககிட்டயே கதை சொல்றேன் பாருங்க. இருந்தாலும் சொல்லணும். அந்தம்மாவுக்கு ரத்தத்துல புத்துநோய். மூத்த பையனே டாக்டரு. அவன் ரத்தசோகைன்னு சொல்லி மறைச்சுடறான். தம்பி, தங்கச்சி, மருமகள் எல்லாருமா சேர்ந்து மறைக்கறாங்க. அந்தம்மா ஒரு இடத்துல கேப்பாங்களே, "ஏம்ப்பா, எல்லாரும் எங்கிட்ட இத்தனை நல்லவங்களா நடந்துக்கறீங்க?"ன்னு. யாரும் வாயத் திறக்கமாட்டாங்க. கடைசி வரைக்கும் தெரியாமயே அந்தம்மா செத்துப்போயிடறாங்க.

அந்தப் பக்கம் வந்தப்ப எங்க வட்டத்துல அழுகாதவங்க இல்லீங்க. லைப்ரேரியன் அமுதா இருக்கறாளே, அவ கவுன்ட்டர்லயே உக்காந்து அழுதாளாம். புத்தகம் வாங்க வந்தவங்க, என்னமோ ஏதோன்னு திரும்பிப் போயிட்டாங்களாம்.

அன்னைக்குக் கூட்டத்துல ரெண்டு கட்சியாப் போச்சு. ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர் சுப்புராயன்னு ஒருத்தர், எங்கூட்டுக்காரருக்குச் சிநேகிதரு. அவரு எந்திரிச்சு, "அந்தப் பையன் செஞ்சது சரிதான். சாகப்போற மனுசிக்கு நாள் குறிச்சுக் குடுத்தா மீதி நாள் எப்படிங்க சோறு இறங்கும்? பாசத்துல செஞ்சான்"ன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. மைக் வேற குடுத்தாங்க. நான் எந்திரிச்சுப் பேசினேன் பாருங்க! "ஒருத்தரோட உடம்பு அவருக்குச் சொந்தம். அதுல என்ன நடக்குதுன்னு அவருகிட்டயே மறைக்கறது திருட்டு. பையன் டாக்டரா இருந்தா என்ன, வக்கீலா இருந்தா என்ன, அவன் திருடன். அந்தம்மாவுக்கு யாரைப் பார்க்கணும்னு இருந்துதோ, யாருகிட்ட மன்னிப்புக் கேட்கணும்னு இருந்துதோ. அத்தனையையும் களவாண்டுட்டானே"ன்னு பேசப் பேச எனக்கே அழுகை வந்துருச்சு. தேம்பித் தேம்பி அழுதுட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு காலேஜ் புள்ள ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டா. சுப்புராயன்கூட, "டீச்சர், நான் வாபஸ் வாங்கிக்கறேன்"ன்னாரு.

அப்ப எங்கூட்டுக்காரருக்குக் கணையத்துல புத்துநோய்ங்க.

பொங்கல் கழிஞ்சதும் கண்டுபுடிச்சாங்க. அவருக்குத் தெரியாது. நாங்க சொல்லல.

இப்படிப் பார்க்காதீங்க. "பேசறப்ப அவரு ஞாபகம் வரலையா"ன்னுதானே கேட்கறீங்க? சத்தியமா வரலீங்க. அது கதை. இது வீடு. கதையில வர்ற அந்தப் பையன் தன் பேருக்காகச் செஞ்சான். நாங்க அப்படியா? நாங்க பாசத்துல செஞ்சோம்.

அவரு பேரு சென்னியப்பன். மோட்டார் காயில் கட்டற பட்டறை வெச்சிருந்தாரு. எங்க சுத்துவட்டாரத்துல கிணத்து மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா அவருகிட்டத்தான் வரும். பேச்சு ரொம்பக் கம்மி. பேப்பர் படிப்பாரு, அதோட சரி. ஊசின்னா பயம். ஒரு பல்லுப் புடுங்கறதுக்கு என்ற கையைப் புடிச்சுட்டு உக்காந்தவரு. அவருகிட்டப் போயி எப்படிங்க சொல்றது?

கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில பார்த்தோம். டாக்டர் நல்லவரு, சின்ன வயசு. அவரு என்னையும் நித்திலாவையும் தனியாக் கூப்புட்டுச் சொன்னாரு. முத்திப் போச்சு, ஆபரேசன் பண்ண முடியாது, மருந்து ஏத்தினா கொஞ்ச மாசம் கூடக் கிடைக்கலாம், ஆனா சிரமப்படுவாருன்னாரு. "அவருகிட்ட நான் பேசட்டுமா? மருந்து ஏத்தறதா வேண்டாமான்னு அவரும் சொல்லணுமே"ன்னு கேட்டாரு. நான் டாக்டர் கையைப் புடிச்சுட்டேன். "வேண்டாமுங்க, அவரு தாங்கமாட்டாரு"ன்னேன். நித்திலாவும் அழுதா. டாக்டர் பேனாவை மூடி வெச்சாரு. "சரி, நானா எடுத்துச் சொல்லல. ஆனா அவரு நேராக் கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன்"ன்னாரு. எங்கூட்டுக்காரரு கேட்கமாட்டாருன்னு எனக்குத் தெரியும். அவரு யாருகிட்ட என்ன கேட்டிருக்காரு?

கணையத்துல வீக்கம்னு சொல்லியாச்சு. வீக்கம் வத்தறதுக்கு மருந்து ஏத்தறாங்கன்னு சொல்லியாச்சு. ஏத்திட்டு வந்தா வாந்தி வாந்தியா எடுப்பாரு. வாயெல்லாம் புண்ணு. முடி கொட்டிச்சு. "ஏன் கோகிலா, வீக்கத்துக்கு முடி எதுக்குக் கொட்டுது?"ன்னாரு. "ஆன்டிபயாடிக் சூடு"ன்னேன். கணக்கு டீச்சர் பாருங்க, கேள்வி வந்தா பதில் வெச்சிருப்பேன். அவரு தலையைத் தடவிப் பார்த்துட்டு, "அப்படியா"ன்னு பேப்பரை எடுத்துக்கிட்டாரு.

கூட்டம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு அவரு கேட்டாரு. "நீ என்னமோ ஒரு புத்தகத்தைப் பத்திப் பிரமாதமாப் பேசினியாமா? சுப்புராயன் சொன்னான். அதைக் குடு, நானும் படிக்கறேன்." நாப்பது வருசத்துல அந்த மனுசன் என்கிட்ட ஒரு புத்தகம் கேட்டதில்லீங்க. அதுவும் இந்தப் புத்தகமா? "லைப்ரரியில திருப்பிக் குடுத்துட்டேனே"ன்னேன். குடுக்கல. பீரோவுல சேலைக்கடியில வெச்சிருந்தேன்.

மறுநாள் அவரு சட்டையை மாட்டிட்டு, லைப்ரரிக்குப் போயிட்டு வர்றேன்னு கிளம்பிட்டாரு. அவரு தெருமுனை திரும்பறதுக்குள்ள நான் அமுதாவுக்கு போன் பண்ணினேன். "அமுதா, புத்தகம் இல்லைன்னு சொல்லிடு"ன்னேன். அவளுக்கு விசயம் தெரியாது. "மூணு காப்பி இருக்குதே டீச்சர்"ன்னா. அப்பத்தான் அவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "டீச்சர், அன்னைக்கு நீங்க…"ன்னு ஆரம்பிச்சா. முடிக்கல. "சரிங்க டீச்சர். உள்ள எடுத்து வெச்சுடறேன்"னா.

அவளோட நிக்கலீங்க. அவரு வேற யாருகிட்டயாவது கேட்டுட்டா? வட்டத்துல இருக்கறவங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். எல்லாருக்கும் சொல்ல வேண்டியதாப் போச்சு. அன்னைக்குக் கை தட்டினவங்க அத்தனை பேரும் "கவலைப்படாதீங்க டீச்சர், நாங்க காட்டிக்கமாட்டோம்"னாங்க. கட்டிப் புடிச்சாளே அந்தக் காலேஜ் புள்ள, அவ மட்டும் போனை வெச்சுட்டா. அதுக்கப்பறம் கூட்டத்துக்கே வரல. சின்னப் புள்ளைங்க அப்படித்தான், வீடு வாசல்னு ஆனாத்தான் தெரியும்னு அப்ப நினைச்சேன். இப்ப அவளை ரோட்டுல பார்த்தா நான்தான் அந்தப் பக்கம் போயிடறேன்.

அவரு வெறுங்கையோட திரும்பி வந்தாரு. "எல்லாக் காப்பியும் வெளிய போயிருக்குதாமா. நல்ல புத்தகமாட்ட இருக்குது"ன்னாரு.

அப்படியே விட்டுருவாருன்னு நினைச்சேன். சித்திரை பொறந்தப்பறம் ஒரு நாள் சாயங்காலம், கட்டில்ல சாஞ்சுட்டு, "கோகிலா, உன்ற பீரோவுல சேலைக்கடியில ஒரு புத்தகம் இருக்குதே. எனக்குக் கண்ணு எரியுது. நீயே படிச்சுக் காட்டேன்"ன்னாரு. சிரிச்சுட்டே சொன்னாரு. கோவமில்ல. "அட, இங்கயா இருக்குது, மறந்தே போயிட்டேன்"னு எடுத்துட்டு வந்தேன்.

இனி என்ன பண்றது? படிச்சேன். உங்க புத்தகத்தைக் கையில விரிச்சு வெச்சுட்டு, நானா ஒரு கதையைப் படிச்சேனுங்க.

ஆமா. சிரிக்காதீங்க. சிரிச்சாலும் சரிதான். முதல் ரெண்டு அத்தியாயம் நீங்க எழுதினபடியேதான் படிச்சேன், அந்தக் கல்யாண வீட்டுச் சண்டையெல்லாம். டெஸ்ட் ரிசல்ட் வர்ற இடத்துல இருந்து மாத்திட்டேன். அந்தம்மாவுக்கு நெசமாவே ரத்தசோகைதான்னு ஆக்கிட்டேன். பையன் எதையும் மறைக்கல. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்பு ஊசி. குணமாயிட்டு வர்றாங்க. நடுவுல சொத்துத் தகராறை இழுத்துவிட்டேன், இல்லாட்டிக் கதை நகராதே. மருமகளுக்கும் நாத்தனாருக்கும் ஒரு சண்டையை வெச்சேன். தினமும் மத்தியானம் அவரு தூங்கறப்ப அடுத்து என்ன சொல்றதுன்னு யோசிச்சு வெச்சுக்குவேன். நீங்க எப்படித்தான் எழுதறீங்களோ, எனக்குத் தலைவலியே வந்துரும்.

அவரு நல்லாக் கேப்பாரு. நடுவுல கேள்வி வேற. "ஏன் கோகிலா, ரத்தசோகைக்கு அந்தப் பையன் எதுக்கு அத்தனை தூரம் போயி அழுவறான்?"னு ஒரு நாள் கேட்டாரு. எங்கியோ பழைய பக்கத்தைத் தெரியாம அப்படியே படிச்சுட்டேன்போல. "அவனுக்கு வேற கவலைங்க, காதல் தோல்வி"ன்னேன். "கல்யாணமாகிப் புள்ளை இருக்குதேம்மா அவனுக்கு?"ன்னாரு. "அது பழைய காதல்"ன்னேன். அன்னைக்கு அவரு சிரிச்சாரு பாருங்க, கண்ணுல தண்ணி வர வர. வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சாரு. அவரு அப்படிச் சிரிச்சு நான் பார்த்து வருசக்கணக்காச்சு. எனக்கு ஒரே சந்தோசம். காப்பாத்திட்டோம்னு நினைச்சேன்.

அதே சமயத்துல ஊசியும் நின்னுருச்சுங்க. டாக்டர் போன்ல சொன்னாரு, "இனி மருந்து ஏத்த வேண்டாம். மாத்திரை மட்டும் போதும்"னு. "அவருக்கு இதுதான் நல்லது"ன்னும் சொன்னாரு. நானும் நித்திலாவும் போன்லயே சத்தம் போட்டு அழுதோம், சந்தோசத்துல. இப்ப யோசிச்சா, குணமாயிட்டு வருதுன்னு டாக்டர் சொல்லவே இல்ல. போதும்னாரு. அது எங்க காதுல குணம்னு விழுந்துது. வாந்தி நின்னுது. முடி முளைச்சுது. ரெண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்புட்டாரு. என்ற கதை வேலை செய்யுதுன்னே நினைச்சேனுங்க. டீச்சருக்குப் புத்தி எப்படிப் போயிருக்குது பாருங்க.

ஆடி மாசம் மேட்டூர் அணை நிறைஞ்சுதுன்னு டிவியில காட்டினாங்க. பதினாறு கண் மதகுலயும் தண்ணி விழுகுது. அதைப் பார்த்துட்டே, "கோகிலா, போயிப் பார்த்துட்டு வரலாமா? கார் சொல்லிக்கலாம்"னாரு. சின்ன வயசுல அவரு அங்க பவர்ஹவுஸ்ல அப்ரண்டிஸா இருந்தவரு. நான், "உடம்பு நல்லாத் தேறட்டும். அடுத்த வருசம் போலாம். அணை எங்க போயிடப்போகுது?"ன்னேன். அவரு டிவியையே பார்த்துட்டு இருந்தாரு. "அதுவும் சரிதான்"ன்னாரு.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன். இருங்க.

புரட்டாசியில போயிட்டாருங்க. கடைசி ரெண்டு வாரத்துலதான் படுக்கை. அதுக்கு முந்தி வரைக்கும் நடமாட்டமாத்தான் இருந்தாரு. போறதுக்கு முந்தின வாரம் உங்க புத்தகத்தை முடிச்சேன். என்ற முடிவு. அந்தம்மா குணமாயி ஊருக்குத் திரும்பறாங்க. பையன் கார் ஓட்டறான், வழியில ஒரு கடையில நிறுத்தி எல்லாரும் இளநி குடிக்கறாங்க. அதோட முடிஞ்சுது. அவரு கண்ணை மூடிட்டே கேட்டாரு. "நல்லாப் படிச்சே"ன்னாரு. "எழுதினவங்களுக்கு நல்ல மனசு. அந்தம்மாவைக் காப்பாத்திட்டாங்க"ன்னாரு.

காரியமெல்லாம் முடிஞ்சப்பறம் நானே கோயமுத்தூர் போனேன், டாக்டரைப் பார்க்க. ஒரு தட்டுல பழம், ஒரு சால்வை. எதுக்குன்னு கேளுங்க. நன்றி சொல்றதுக்கு. "கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாமப் பார்த்துக்கிட்டீங்க டாக்டர். எந்தக் கவலையும் இல்லாம நிம்மதியாப் போயிட்டாரு. உங்களாலதான்"னு சால்வையைப் பிரிச்சேன்.

அவரு எந்திரிக்கல. "இதை நான் வாங்கிக்க முடியாதுங்கம்மா"ன்னாரு.

"ஏனுங்க டாக்டர்?"

"அவருக்குத் தெரியும்மா."

பிரிச்ச சால்வையை நான் மறுபடியும் மடிச்சேன்.

சித்திரைக்கு முந்தியே எங்கூட்டுக்காரரு நான் இல்லாம அங்க வந்தாராம். கூட சுப்புராயன். எங்கிட்ட, காப்பர் கம்பி வாங்கறதுக்கு ரெண்டு பேருமாப் போறோம்னு சொல்லிட்டுப் போன அன்னைக்கு. டாக்டர் முன்னாடி உக்காந்து நேராக் கேட்டாராம். டாக்டரும் சொல்லிட்டாரு. அழுகலையாம். பல்லுப் புடுங்கறதுக்கு என்ற கையைப் புடிச்ச மனுசன், எத்தனை நாளு, எப்படி வலிக்கும், மருந்து ஏத்தாட்டி என்ன ஆகும்னு ஒவ்வொண்ணாக் கேட்டுட்டு, "அப்ப ஊசி வேண்டாமுங்க. இருக்கற வரைக்கும் வாய்க்கு ருசியாச் சாப்புட்டுட்டுப் போறேன்"ன்னாராம். வலிக்கு மாத்திரை எழுதி வாங்கிட்டு, எங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாராம்.

எனக்கு வந்துது பாருங்க கோவம்! மேசையைத் தட்டிட்டேன். "நான் அவரு பொண்டாட்டி. எனக்குத் தெரிய வேண்டாமுங்களா? ஊசியை நிறுத்தறதுக்கு முந்தி என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? இத்தனை மாசம் என்னைய முட்டாளாக்கி வெச்சிருந்தீங்களா? கூடவே இருந்தவகிட்ட மறைக்கறதுக்கு நீங்க யாருங்க?"ன்னு கத்தினேன். வெளிய உக்காந்திருந்தவங்க எட்டிப் பார்த்தாங்க.

டாக்டர் பாட்டில்ல இருந்து டம்ளர்ல தண்ணி ஊத்தி என்ற பக்கமாத் தள்ளி வெச்சாரு. அப்பறம்தாங்க நான் கத்தினது என்ற காதுலயே விழுந்துது. அந்த ரூம்ல எனக்கு நிக்க இடமில்லாத மாதிரி ஆயிருச்சு. பழத்தட்டை எடுத்துக்கறதா வெச்சுட்டு வர்றதான்னுகூடத் தெரியல.

"ஏன் எங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாரு?"ன்னு மட்டும் கேட்டேன்.

"அவ தாங்கமாட்டான்னாரும்மா"ன்னாரு. "என்னைக் காப்பாத்திட்டு இருக்கறோம்னு அவளுக்கு ஒரு தெம்பு இருக்குது. அதைப் புடுங்கிட்டா அவ உக்காந்துருவா, இருந்துட்டுப் போகட்டும்னாரு."

பஸ் புடிச்சு ஊருக்கு வந்து, வீட்டுக்குக்கூடப் போகல. நேரா சுப்புராயன் வீட்டு வாசல்ல போயி நின்னேன். அந்த மனுசன் என்னைப் பார்த்ததும் துண்டை வாயில வெச்சுக்கிட்டாரு. அவருதான் எல்லாம் சொன்னாரு. அன்னைக்குக் கூட்டத்துல நான் பேசினதை அவரு போன்ல வீடியோ எடுத்திருக்காரு. எனக்குத் தெரியாது. பெருமையாப் போயி எங்கூட்டுக்காரருகிட்டக் காட்டியிருக்காரு. இவரு முழுசாப் பார்த்தாராம். திருப்பிப் போடுன்னு சொல்லி மறுபடியும் பார்த்தாராம். "சுப்பு, எங்கம்மா செத்தப்பக்கூட அவ இப்படி அழுகலடா. ஒரு கதைக்கு அவ அழுவறவ இல்ல. எனக்கு என்னமோ இருக்குது"ன்னாராம்.

அதான். நான் வாய் கிழியப் பேசினதுல, அங்கயே, அப்பவே சொல்லிட்டேன். காட்டிக் குடுத்தது புத்தகமில்ல, நான்தான்.

உங்க புத்தகத்தை அவரு முன்னாடியே படிச்சுட்டாருங்க. லைப்ரரியில இல்லைன்னதும் சுப்புராயன்கிட்டக் கேட்டிருக்காரு. நான் போன் பண்ணி அத்தனை சொல்லியும் சுப்புராயன் குடுத்துட்டாரு. "அவன் கேட்டான் டீச்சர். எனக்கு இல்லைன்னு சொல்ல வரல"ன்னாரு. பாசத்துல மறைக்கலாம்னு கூட்டத்துல பேசினாரே, அவரு. சுப்புராயன் வீட்டு முன்ரூம்ல உக்காந்து, எழுத்துக் கூட்டற மாதிரி மெதுவா, பட்டறைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்து வந்து படிச்சு முடிச்சாராம். அதுக்கப்பறம்தான் எங்கிட்ட, படிச்சுக் காட்டுன்னு கேட்டது.

அப்ப நான் கட்டிவிட்ட ஒவ்வொரு பொய்யும் அவருக்குத் தெரியும். முருங்கைக்கீரை, பழைய காதல், இளநி. எல்லாமே தெரியும். தெரிஞ்சுதான் கேட்டுட்டு இருந்தாரு.

"புத்தகத்துல இருக்கறதைவிட இவ சொல்றது நல்லாருக்குதுடா"ன்னு சுப்புராயன்கிட்டச் சொல்வாராம். அதைச் சொல்லிட்டு சுப்புராயன் அழுதாரு. எனக்கு அழுகை வரலீங்க. உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

இன்னொண்ணு சொல்றேன். இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. ஆவணியில இருந்து அவரு குளிக்கப் போனா வெளியவே வரமாட்டாரு. பைப்பைத் திறந்துவிட்டுட்டு உள்ளயே இருப்பாரு. தண்ணி கொட்டற சத்தம் கேட்டுட்டே இருக்கும். நான் கதவைத் தட்டி, "என்ன பண்றீங்க உள்ள? தொட்டித் தண்ணி பூராப் போச்சு, மோட்டார் ஓடி ஓடிக் கரண்ட் பில்லு ஏறுது"ன்னு சத்தம் போடுவேன். "இதா வந்துட்டேன் கோகிலா"ன்னுவாரு. வெளிய வர்றப்ப முகமெல்லாம் கழுவிட்டு, துண்டைத் தோள்ல போட்டுட்டுச் சாதாரணமாத்தான் வருவாரு. அப்பறமா டாக்டருக்கு போன் போட்டு அதையும் கேட்டேன், வலி இருந்திருக்குமான்னு. ஆவணியில மாத்திரைக்கு அடங்காத வலியா இருந்திருக்கும்னாரு. "அட்மிட் ஆயிக்கோங்க, ஊசி போட்டுப் பார்த்துக்கறோம்னு கூப்புட்டேன்மா. வரமாட்டேன்னுட்டாரு. ஆஸ்பத்திரியில சேர்ந்தா அவளுக்குத் தெரிஞ்சுரும்னாரு"ன்னாரு டாக்டர்.

வீக்கம் வத்திக் குணமாயிட்டு வர்ற மனுசன் முனகக்கூடாதில்லீங்களா? அதான் பைப்பைத் திறந்துவிட்டுக்கிட்டாரு. நான் வெளிய நின்னுட்டுத் தண்ணிக்குச் சண்டை போட்டேன்.

நான் அவரைப் பயப்படாம வெச்சிருக்கறதா நினைச்சேன். அவரு ஐயோன்னு ஒரு வாட்டி வாய்விட்டுக் கத்தக்கூட விடாம வெச்சிருந்தேன்.

நீங்க ஏனுங்க கண்ணைத் துடைக்கறீங்க? நீங்க அழுகாதீங்க அம்மணி. எழுதினதே நீங்க, அடுத்தவங்களை அழ வெச்சவங்க. நான் கோவமாக் கேட்கணும்னு வந்தது இதுதான். அந்த அமிர்தவல்லியம்மாவுக்குத் தெரியாதுன்னு எழுதினீங்களே, எப்படித் தெரியாமப் போகும்? கூடவே இருக்கறவங்க முகத்தைப் பார்த்தா தெரியாதா? நீங்க ஒரு வரி, ஒரே ஒரு வரி, அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும்னு எழுதியிருந்தா நான் அன்னைக்கே வீட்டுக்குப் போயி அவரு முகத்தைப் பார்த்திருப்பேனே. மேட்டூருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே.

இல்ல, தெரியும். உங்க மேல தப்பில்ல. படிச்சு முடிச்சவங்க எல்லாரும் என்னாட்டப் பண்ணலையே. யாரையாவது சொல்லணும்னு இருந்துது, சொல்லிட்டேன்.

வட்டத்துல இப்பவும் கூப்புடறாங்க. அடுத்த மாசம் ஏதோ புத்தகம், நீங்கதான் பேசணும் டீச்சர்னு அமுதா போன் பண்ணினா. தொண்டை கட்டியிருக்குதுன்னு சொல்லிட்டேன். மைக்கைப் பார்த்தாலே பயமா இருக்குதுங்க இப்பெல்லாம்.

நித்திலாவா? அவளுக்கு என்னங்க? அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, சிரிச்சுட்டே போயிட்டாருன்னுதான் நினைச்சுட்டு இருக்கறா. அவ ஆபீஸ்ல கூட இருக்கறவங்களுக்கு இந்த மாதிரி வந்தா இவதான் போயி தைரியம் சொல்றாளாம், "நாங்க எங்கப்பாவுக்குத் தெரியாமயே பார்த்துக்கிட்டோம், அதுதான் அவருக்குப் பண்ணின பெரிய உதவி"ன்னு. நான் கேட்டுட்டுப் பேசாம இருந்துக்குவேன். டாக்டர் சொன்னதை, சுப்புராயன் சொன்னதை, பைப்பு விசயத்தை எதையும் அவகிட்ட மூச்சு விடல. எதுக்குச் சொல்லணும்? புள்ளை நிம்மதியா இருக்கறா. நான் ஒருத்தி பட்டுக்கறது பத்தாதா? நீங்ககூட அவ ஸ்டேஷனுக்கு வந்தா…

இருங்க, அவதான் கூப்புடறா.

அலோ. ஆமா கண்ணு. பங்காருப்பேட்டை தாண்டியாச்சு. நல்லாத்தான் இருக்கறேன். சாப்புட்டேன், இட்லி கட்டிட்டு வந்தேன். குரலா? அது ஒண்ணுமில்ல கண்ணு, ஏசிக் குளிரு. யாருகூடவும் பேசல. ஏறினதுல இருந்து நல்லாத் தூங்கிட்டுத்தான் வர்றேன்.